சிம்பிள்பிளேன்ஸில் முதல் விமானம்: கட்டுவது முதல் பகிர்வது வரை

விமானத்தை நாமே கட்டிப் பறக்கவிடும் சிம்பிள்பிளேன்ஸ் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பிடித்த போர் விமானத்தின் மூக்கையும் காக்பிட்டையும் மணிக்கணக்கில் இழைத்துவிட்டு ஓடுதளத்துக்குக் கொண்டுபோவார்கள். அது மூக்கைத் தரையில் தேய்க்கும், இல்லாவிட்டால் எழும்பிய மறுநொடி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். சரிசெய்ய இறக்கையை நகர்த்தப் போனால், இழைத்ததையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் இங்கே வரிசையே வேறு. முதலில் வெறும் எலும்புக்கூடு, அது ஒழுங்காகப் பறந்த பிறகு அழகு, கடைசியில் பகிர்வு.

ஜுண்ட்ரூ நிறுவனத்தின் இந்த விளையாட்டு கணினியிலும் கைபேசியிலும் ஓடும். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கும் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஒரே இயற்பியலைத்தான் பின்பற்றப் பார்க்கின்றன.

எதைக் கட்டுவது

முதல் விமானம் ஒற்றை புரொப்பெல்லர், நேரான இறக்கை, முன்சக்கரம் ஒன்று, பின்சக்கரம் இரண்டு என்று இருக்கட்டும். ஜெட் வேண்டாம். ஜெட் என்ஜினுக்குக் காற்று உள்வாங்கும் இன்டேக் தனியாக வைக்க வேண்டும். அது போதாவிட்டால் என்ஜின் முழுத் திறனில் ஓடாது. வேகம் அதிகம் என்பதால் தவறுகளும் வேகமாக நடந்து முடிந்துவிடும், காரணம் கண்ணில் படாது.

அளவுக்கு ஓர் உண்மை விமானத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. செஸ்னா 172 இதற்கு ஏற்றது: இறக்கை நீளம் நுனிக்கு நுனி சுமார் 11 மீட்டர், உடல் நீளம் சுமார் 8.3 மீட்டர், இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர், முழு எடை ஏறக்குறைய 1,150 கிலோ. எடையைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 71 கிலோ. இதை இறக்கைச் சுமை என்பார்கள். விமானம் எந்த வேகத்தில் தரையை விட்டு எழும், எந்த வேகத்தில் இறங்கலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது இந்த எண்தான்.

சதுர மீட்டருக்கு 70 கிலோ அளவில், தூக்குவிசைக் குணகம் (இறக்கை எவ்வளவு நன்றாகத் தூக்குகிறது என்பதைக் காட்டும் எண்) அதிகபட்சம் 1.5 என்று வைத்துக் கணக்குப் போட்டால், கடல்மட்டத்தில் மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்துக்குக் கீழே விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கையால் அதைத் தாங்க முடியாமல் போகும். சுமையை நான்கு மடங்காக்கி 280 கிலோவுக்குக் கொண்டுபோனால் அந்த வேகம் இரண்டு மடங்கு, அதாவது 200 கி.மீ. ஆகும். விளையாட்டில் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும், விகிதம் மாறாது. குட்டை இறக்கையும் கனத்த உடலுமாகக் கட்டிவிட்டு, ஓடுதளம் முடிந்தும் எழவில்லையே என்று என்ஜினைப் பெரிதாக்குவது புதியவர்களின் வழக்கம். அங்கே பெரிதாக்க வேண்டியது இறக்கையை.

எலும்புக்கூடு

1. காக்பிட்டுக்குப் பின்னால் நான்கைந்து ஃபியூஸ்லாஜ் (உடல்பகுதி) துண்டுகளை வரிசையாக ஒட்டுங்கள். கடைசி இரண்டை வால் பக்கம் மெலிந்துபோகும்படி இழுத்து வடிவமையுங்கள்.

2. முன்னால் ஒரு துண்டு வைத்து அதில் புரொப்பெல்லர் என்ஜினை மாட்டுங்கள். இதழின் நுனிக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். பிரேக் போட்டால் மூக்கு இறங்கும், இடைவெளி இல்லாவிட்டால் இதழ் உடையும்.

3. ஒரு பக்க இறக்கையை மட்டும் வைத்து நீளத்தையும் அகலத்தையும் முடிவுசெய்யுங்கள். மறுபக்கத்தைக் கையால் வைக்காதீர்கள், ஒரு பக்கத்தை மறுபக்கத்தில் அப்படியே பிரதியெடுக்கும் மிரர் கருவியிடம் விடுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இரண்டு இறக்கைகளுக்கு நடுவே அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலும் விமானம் ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருக்கும்.

4. வாலில் கிடைமட்ட இறக்கை, அதன்மேல் செங்குத்து இறக்கை. கிடைமட்டமானது முதன்மை இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, செங்குத்தானது பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். உடல் குட்டையாக இருந்தால் இரண்டையும் கூட்டுங்கள். வால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சிறிதாக இருந்தால் போதும்.

5. எரிபொருளை எடைமையத்துக்கு அருகில் உள்ள ஃபியூஸ்லாஜ் துண்டில் மட்டும் நிரப்புங்கள். ஒவ்வொரு துண்டின் அமைப்பிலும் எரிபொருளுக்கு ஒரு ஸ்லைடரும் வெற்று எடைக்கு ஒரு ஸ்லைடரும் இருக்கும்.

மூன்றாவது, நான்காவது படிகளில் ஒரு பொறி இருக்கிறது. இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். அரைச்சமச்சீர் வடிவமும் தட்டையான அடிப்பாக வடிவமும் மூக்கைத் தூக்காமல் இருக்கும்போதே தூக்குவிசை தரும். முதன்மை இறக்கைக்கு அது நல்லதே. அதே வடிவத்தை செங்குத்து வாலில் விட்டுவைத்தால், அது வாலைப் பக்கவாட்டில் இழுக்கும். விமானம் காரணமே தெரியாமல் ஒரு திசைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். கிடைமட்ட வாலில் விட்டால் வால் தூக்கி மூக்கு தணியும். வால் இறக்கைகள் எல்லாவற்றையும் சமச்சீர் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘என் விமானம் இடப்பக்கமே போகிறது’ என்ற புலம்பல்களில் கணிசமான பங்கு இந்த ஓர் அமைப்பால் வருகிறது.

மூன்று உருண்டைகள்

வடிவமைப்புத் திரையில் மூன்று மையங்களையும் உருண்டைகளாகக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு எடைமையம், நீலம் தூக்குவிசை மையம், மஞ்சள் உந்துவிசை மையம். கெர்பலில் எடைமையம்தான் மஞ்சள், உந்துவிசை ஊதா. இரண்டு விளையாட்டையும் மாற்றி மாற்றி ஆடுகிறவர்கள் இங்கே குழம்புவது சகஜம்.

நீலம் சிவப்புக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். அம்பின் முனையில் கனமும் அடியில் இறகும் இருக்கிற அதே காரணம். மூக்கு தற்செயலாக மேலே போனால், எடைமையத்துக்குப் பின்னால் கூடுகிற தூக்குவிசை வாலை உயர்த்தி மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நீலம் முன்னால் இருந்தால் இதுவே தலைகீழாக நடக்கும்: மூக்கு கொஞ்சம் உயர்ந்தால் இன்னும் உயர்த்தும், முடிவு குட்டிக்கரணம்.

எவ்வளவு பின்னால் என்றால், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. இறக்கை 1.5 மீட்டர் அகலம் என்றால் 15 செ.மீ. இதைவிடக் குறைத்தால் விமானம் துடிப்பாகத் திரும்பும், ஆனால் கையில் நிற்காது. கால் பங்குக்கு மேலே போனால் மூக்குக் கனம் அதிகமாகி, ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் தரையை விட்டு எழாது.

உருண்டைகள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நீல உருண்டை வால் இறக்கையையும் சேர்த்துக் கணக்கிடுவதால், வாலைப் பெரிதாக்கினாலும் அது பின்னே போகும். மூக்கில் வெற்று எடையைக் கொட்டி சிவப்பை முன்னே இழுப்பது கடைசி வழி. அந்த ஒவ்வொரு கிலோவையும் இறக்கை சுமக்க வேண்டியிருக்கிறது.

பிறகு எரிபொருள் ஸ்லைடரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய்ச் சிவப்பு எங்கே நகர்கிறது என்று பாருங்கள். முன்பக்கத் துண்டில் எரிபொருள் வைத்திருந்தால், தீரத் தீரச் சிவப்பு பின்னால் போய் நீலத்தைத் தாண்டிவிடும். புறப்படும்போது அருமையாகப் பறந்த விமானம் பத்து நிமிடம் கழித்துப் பித்துப் பிடித்ததுபோல் ஆடுவதற்கு இதுதான் காரணம். பார்த்த பிறகு ஸ்லைடரை மறுபடி ஏற்ற மறந்துவிடாதீர்கள்.

மஞ்சள் உருண்டை உயரத்தில் சிவப்போடு ஒத்திருந்தால் போதும். என்ஜின் மேலே இருந்தால் த்ராட்டிலை (என்ஜின் திறனைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) கூட்டும்போது மூக்கு தணியும், கீழே இருந்தால் உயரும். சற்று முன்பின் இருப்பதை ட்ரிம்மில் (ஸ்டிக்கைப் பிடிக்காமலே மூக்கை மட்டமாக வைக்கும் சிறு திருத்தம்) சமாளிக்கலாம். ஆனால் தண்ணீர் விமானம்போல் என்ஜினைத் தூணின் மேல் ஏற்றினால், த்ராட்டிலைத் தொடும்போதெல்லாம் ஸ்டிக்கையும் தொட வேண்டி வரும்.

சக்கரம்

எழாத விமானங்களில் பாதிக்கு இறக்கை சரியாகவே இருக்கும், சக்கரம்தான் தப்பான இடத்தில் இருக்கும். ஸ்டிக்கை இழுக்கும்போது விமானம் பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு சாய்கிறது. அந்தச் சக்கரம் எடைமையத்துக்கு மிகவும் பின்னால் இருந்தால், முன்னே இருக்கிற மொத்த எடையையும் வால் தூக்க வேண்டும். முடியாது. எடைமையத்துக்கு முன்னால் வைத்தால் நிற்கும்போதே விமானம் வாலில் உட்கார்ந்துவிடும்.

தரையிலிருந்து எடைமையம் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் பின்சக்கரங்களை அதற்கு 25 முதல் 30 செ.மீ. பின்னால் வையுங்கள். கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 15 டிகிரி. மூக்கு 12 டிகிரி உயரும் வரை வால் தரையில் உரசாமல் இருக்கும்படி சக்கரத்தின் உயரத்தைப் பாருங்கள். முன்சக்கரத்தை மட்டும் திரும்ப விடுங்கள், பின்சக்கரங்கள் பூட்டியே இருக்கட்டும். இரண்டு பின்சக்கரங்களும் நெருக்கமாக இருந்தால் வளைவில் கவிழும்.

வால்சக்கர விமானம் கட்டுகிறவர்களுக்கு விதி நேர்மாறு: பெரிய சக்கரங்கள் எடைமையத்துக்கு முன்னால் வர வேண்டும். தரையில் ஓட்டுவதும் கடினம். முதல் விமானத்துக்கு அது தேவையில்லை.

கட்டுப்பாடுகள்

இறக்கையைத் தேர்ந்தெடுத்து அதன் பின்விளிம்பில் அசையும் பகுதிகளைச் சேர்க்கலாம். முதன்மை இறக்கையின் நுனிப் பக்கத்தில் எய்லரான், உள்ளீடு ரோல் (பக்கவாட்டில் உருள்வது). கிடைமட்ட வாலில் எலிவேட்டர், உள்ளீடு பிட்ச் (மூக்கு மேலும் கீழும்). செங்குத்து வாலில் ரட்டர், உள்ளீடு யா (மூக்கு இடமும் வலமும்). எய்லரான் நுனியை ஒட்டி இருந்தால் சிறிய அசைவுக்கே நல்ல திருப்பம் கிடைக்கும்.

கோணத்தைத் தொடக்கத்தில் 20 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையிலும் தொடுதிரையிலும் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பூஜ்ஜியம் அல்லது முழு அளவு என்றுதான் இயக்குகிறார்கள், நடுநிலை அவர்களுக்கு வாய்ப்பதில்லை. 40 டிகிரி எலிவேட்டர் ஜாய்ஸ்டிக்கில் இனிமையாக இருக்கும், கைபேசியில் ஒவ்வொரு தொடுதலுக்கும் விமானத்தை ஸ்டால் செய்யும்.

ஃபிளாப் (குறைந்த வேகத்தில் தூக்குவிசையைக் கூட்டும் பகுதி) வேண்டுமானால் இறக்கையின் உட்பக்கத்தில் ஓர் அசையும் பகுதி சேர்த்து அதை விடிஓஎல் (செங்குத்தாக எழுவதற்கான) ஸ்லைடரில் கட்டுவது இங்கே வழக்கம். எலிவேட்டரின் உள்ளீட்டில் பிட்ச், ட்ரிம் இரண்டையும் நடுவே கூட்டல் குறியிட்டு எழுதினால், நேராகப் பறக்க ஸ்டிக்கை எந்நேரமும் பிடித்திருக்க வேண்டாம். உள்ளீட்டுப் பெட்டியில் இப்படிக் கணக்கு எழுதும் வசதிக்கு ஃபங்கி ட்ரீஸ் என்று பெயர். வேகம், உயரம், சாய்வுக் கோணம் எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். அது தனிக் கடல், முதல் விமானத்துக்கு இந்தக் கூட்டல் குறி போதும்.

ஏதாவது தலைகீழாக இயங்கினால் பகுதியைக் கழற்ற வேண்டாம், அதன் அமைப்பில் இன்வெர்ட் இருக்கிறது. மிரர் செய்த ரோட்டேட்டர்களில் (சுழலும் மூட்டுகள்) இது அடிக்கடி தேவைப்படும்.

சோதனை

ரைட் விமான நிலையத்தின் ஓடுதளத்தில் தொடங்குங்கள். முதலில் த்ராட்டிலை 20 சதவீதத்தில் வைத்து உருட்டிப் பாருங்கள். கையை எடுத்தால் நேராகப் போக வேண்டும். போகாவிட்டால் சக்கரம் கோணலாக இருக்கிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் ஏதோ பகுதி ஒட்டியிருக்கிறது.

பிறகு முழு த்ராட்டில். எந்த வேகத்தில் மூக்கு எழுகிறது என்று எழுதி வையுங்கள், பகிரும்போது வேண்டும். 1,000 மீட்டருக்கு ஏறி விமானத்தை மட்டமாக்கிவிட்டுக் கையை எடுங்கள். மெல்ல மூக்கு ஏறினாலோ இறங்கினாலோ ட்ரிம் போதும், அல்லது கிடைமட்ட வாலை ஒன்றிரண்டு டிகிரி சாய்த்துக்கொள்ளலாம். ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் ஆட்டம் பெரிதானால் நீலமும் சிவப்பும் நெருங்கிக் கிடக்கின்றன, அல்லது வால் சிறியது. மூக்கு இடவலமாக ஆடினால் செங்குத்து வாலைப் பெரிதாக்குங்கள். ஒரு பக்கம் மெதுவாக உருண்டால் இறக்கையை மறுபடி மிரர் செய்யுங்கள். இறக்கை நுனிகளை இரண்டு மூன்று டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால், உருண்ட விமானம் தானாகவே நிமிரும்.

அதே உயரத்தில் த்ராட்டிலை முழுக்கக் குறைத்து, மூக்கைத் தூக்கிப் பிடித்து ஸ்டால் செய்யுங்கள். மூக்கு நேராகத் தணிந்து, வேகம் கூடியதும் பழைய நிலைக்கு வந்தால் நல்ல விமானம். இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஆனால் உங்கள் விமானத்தைப் பதிவிறக்குகிறவர் முதல் இரண்டு நிமிடத்துக்குள் இதை எப்படியும் செய்துவிடுவார், தெரியாமலே.

கடைசியாகத் தரையிறக்கம். எரிபொருள் குறைந்த நிலையிலும் ஒரு முறை இறக்கிப் பாருங்கள்.

ஆடும் மூட்டுகள்

ரோட்டேட்டர், பிஸ்டன் போன்ற அசையும் மூட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியதும் புதிய தொல்லை வரும்: இறக்கை ஜெல்லிபோல் துள்ளும். லேசான பகுதி ஒன்று மிகக் கனமான பகுதியைத் தாங்கும்போது இயற்பியல் கணக்கு நிலையாக நிற்பதில்லை. மடியும் இறக்கையை ஒரு சின்ன ரோட்டேட்டரில் தொங்கவிட்டால் நடப்பது இதுதான். மூட்டுக்கு வெளியே இருக்கும் எடையைக் குறையுங்கள், எரிபொருளை அங்கே வைக்காதீர்கள், மூட்டுக்கு மேல் மூட்டு என்று சங்கிலியாகக் கட்டாதீர்கள். விமானக் கோப்பில் உள்ள எக்ஸ்எம்எல் பண்புகளைத் திருத்தி ஒரு பகுதியின் எடையையே பூஜ்ஜியமாக்குவது பலருக்குப் பிடித்த தந்திரம். அலங்காரத் துண்டுகளுக்குச் செய்யலாம், மூட்டைத் தாங்கும் பகுதிக்குச் செய்தால் ஆட்டம் கூடும்.

நகர்த்தும் கருவியால் ஒரு பகுதியைத் தள்ளி வைக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தாலும் இணைப்பு அறுந்திருக்கலாம். காக்பிட்டோடு எந்த வழியிலும் இணையாத பகுதி விமானத்தோடு வராது. பகுதிகளின் இணைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அழகு

இப்போது இழைக்கலாம். எலும்புக்கூட்டைத் தனிப் பெயரில் சேமித்துவிட்டு அதன் பிரதியில் வேலைசெய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் சேர்த்துச் சேமித்தால், எங்கே கெட்டது என்று பின்னால் போய்ப் பார்க்க முடியும். இருபது முப்பது பகுதிகள் சேர்த்ததும் மூன்று உருண்டைகளையும் ஒரு முறை பாருங்கள். காக்பிட்டுக்குள் இருக்கை, மீட்டர், விமானி என்று நிரப்பும்போது சிவப்பு சத்தமில்லாமல் முன்னே போயிருக்கும்.

பகுதி எண்ணிக்கைதான் இங்கே கஞ்சத்தனம் காட்ட வேண்டிய இடம். கைபேசியில் ஆடுகிறவர்கள் எடுத்துப் பறக்க வேண்டும் என்றால் 200 முதல் 300 பகுதிகளுக்குள் முடிப்பது நல்லது. ஆயிரம் பகுதி விமானம் படத்தில் பிரமாதமாக இருக்கும், சாதாரணக் கைபேசியில் நகரவே நகராது. ஒரே வளைவுக்கு ஐந்து துண்டு வைப்பதைவிட ஒரு ஃபியூஸ்லாஜ் துண்டின் மூலைகளை வட்டமாக்கிவிட்டால் வேலை முடிந்தது. வெளியே தெரியாத உட்புறத் துண்டுகளைத் தயங்காமல் நீக்குங்கள்.

பகிர்வது

பதிவேற்றும் முன் மாட் (விளையாட்டோடு வராமல் பிறர் செய்து தரும் கூடுதல் சேர்ப்பு) எதுவும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட் பகுதி இருந்தால், அதே மாட் இல்லாதவர்களிடம் விமானம் சரியாக வராது, கைபேசிக்காரர்கள் பெரும்பாலும் அதோடு வெளியே. பிறகு விளையாட்டை மூடித் திறந்து, சேமித்த கோப்பிலிருந்து ஏற்றி, புதியவர்போல ஓடுதளத்திலிருந்து ஒரு முறை பறந்துவிடுங்கள். வடிவமைப்புத் திரையில் ஒரு ஸ்லைடரைத் தப்பான இடத்தில் விட்டுவிட்டுப் பதிவேற்றுவது அடிக்கடி நடக்கிறது.

படங்களில் ஒன்று முன்பக்கவாட்டிலிருந்து முழு விமானமும் தெரியும்படி, ஒன்று பறக்கும்போது, ஒன்று சிறப்பு அம்சத்துக்கு. இருட்டில் எடுத்த ‘சினிமா’ படத்தைத் தலைப்படமாக வைத்தால் சின்னத் திரையில் ஒரு கறுப்புத் திட்டுதான் தெரியும்.

விளக்கத்தில் விமானத்தின் வரலாறு எழுத ஆசையாக இருக்கும், எழுதுங்கள். ஆனால் முதல் வரிகள் ஓட்டுகிறவருக்கு: விடிஓஎல் ஸ்லைடர் என்ன செய்கிறது, 1 முதல் 8 வரையுள்ள ஆக்டிவேஷன் குழுக்களில் (பகுதிகளை இயக்கவும் நிறுத்தவும் உதவும் பொத்தான்கள்) எவை எதற்கு, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும், எந்த வேகத்தில் இறங்க வேண்டும், தெரிந்த குறைகள் என்ன. ‘மணிக்கு 400 கி.மீ.க்கு மேல் ஃபிளாப் இறக்காதீர்கள்’ என்று ஒரு வரி இருந்தால், ‘உடைகிறது’ என்ற பத்துக் கருத்துகள் வராது. ஆக்டிவேஷன் குழுவை இயக்காமல் என்ஜினே ஓடாதபடி கட்டியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். படிக்காமலே பறக்க முயல்கிறவர்கள்தான் அதிகம் என்பதால், முடிந்தால் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிடுவது இன்னும் மேல்.

வேறொருவரின் விமானத்தைத் திருத்திக் கட்டியிருந்தால், பதிவேற்றும்போது மூல விமானம் முன்னோடியாகக் குறிக்கப்படும். அதை மறைக்க, பகுதிகளைப் புதிய கோப்புக்கு மாற்றி ஏற்றுகிறவர்கள் உண்டு. ஃபியூஸ்லாஜ் துண்டுகளின் அளவுகள் தசமம்வரை அப்படியே ஒத்திருப்பதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். காக்பிட் அல்லது சக்கரத்தொகுதியை மட்டும் எடுத்திருந்தாலும் யாருடையது என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை சதவீதம் மாற்றினால் சொந்தம் என்ற வாதத்துக்கு அப்போது இடமே இல்லை.

முதலில் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் காட்டிக் கருத்துக் கேட்க, பட்டியலில் வராத விதத்தில் ஏற்றி இணைப்பை அனுப்பலாம். அவர்களில் ஒருவராவது கைபேசியில் ஆடுகிறவராக இருக்கட்டும். பொதுவில் வந்த பிறகு குறை தெரிந்தால், பழையதை அழிக்காமல் திருத்தியதை இரண்டாம் பதிப்பு என்று தலைப்பில் குறித்துத் தனியாக ஏற்றுங்கள். பழைய விமானத்தின் விளக்கத்தில் புதியதற்கு இணைப்புக் கொடுங்கள். பழையதை அழித்தால் அதன் கீழே வந்த கருத்துகளும் போய்விடும், அடுத்த விமானத்துக்கு உதவும் குறிப்புகள் அதில்தான் இருக்கும்.

‘பறக்கவில்லை’ என்று மட்டும் ஒருவர் எழுதினால், எந்தக் கருவியில் ஆடுகிறார், எழும்போதா பறக்கும்போதா, த்ராட்டில் எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். எழும்போது என்றால் சக்கரத்தையும் எழும் வேகத்தையும் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து என்றால் எரிபொருள் வைத்த இடத்தைப் பாருங்கள்.